குருவான இளவரசர்

ஜெர்மனியின் சாக்ஸனி நாட்டில் அக்காலத்தில் மக்களுள் பெரும்பாலோர் லுத்தரன் சபையினராயிருந்தனர். அரச குடும்பமோ கத்தோலிக்கமாயிருந்தது. அக்குடும்பத்தில் 1870-இல் பிறந்த இளவரசர் மாக்ஸை நம்மில் அறிந்தோர் சிலரே.

1896-இல் குருப்பட்டம் பெற்ற அவர், லண்டனில் ஏழைகள் நெருங்கி வாழ்ந்த வைட்சேப்பல் பகுதியில் பணியாற்றினார். பின்னர் சுவிட்சர்லாந்தின் பிரிபூர்க் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். (அண்ணன் மகன் ஜார்ஜ், பட்டத்து இளவரசராயிருந்தும், பிற்காலத்தில் இயேசு சபைக் குருவானார்.)

பிரிந்துபோன கீழைத் திருச்சபைகளோடு ஒன்றிப்பு வேண்டி மாக்ஸ் 1910-இல் ஒரு கட்டுரை வரைந்தார். உரோமையின் குறைகளையும் அதில் மறைக்கவில்லை. அவ்வாண்டு டிசம்பரிலேயே பாப்பரசர் பத்தாம் பத்திநாதர் அதனைக் கண்டித்தார். மாக்ஸ் பணிந்தார். அரசர் மகனுக்கு அது எளிதாயிருந்திராது என்றே நாம் கருதுகிறோம். ஆயினும் கீழை வழிபாட்டு முறைகளை ஆராய்வதை அவர் விடவில்லை.

1965-இல் உரோமையும் கான்ஸ்டான்டினோப்பிளும் 1054-ஆம் ஆண்டின் சாபத் தீர்ப்புகளை நீக்கியபோது, அவர் மறைந்து பதினான்கு ஆண்டுகளாகியிருந்தன.