ஓடும் வண்டிக்கும் ஊர் பேர் உண்டு



முன்பின் அறியாத ஒருவரைக் கண்டால் நம் ஊர்ப் பெரியவர்கள் முதலில் கேட்பது, "எந்த ஊர்? யார் வீட்டுப் பிள்ளை?" என்பதுதான். ஊரும் பேரும் தெரிந்துவிட்டால் அவர்கள் மனம் அமைதி பெறும். மனிதருக்கு மட்டுமன்று, சாலையில் ஓடும் வண்டிக்கும் ஊர் உண்டு, பேர் உண்டு. அவற்றைத் தாங்கி நிற்பதே நாம் 'நம்பர் பிளேட்' என்று அழைக்கும் எண் பலகை.

நம் மொரப்பூர் ரயில் நிலையத்தில் சரக்கு ரயில் நிற்கும்போது அதன் பெட்டிகளைக் கவனித்திருக்கிறீர்களா? ஒவ்வொரு பெட்டியின் மேலும் 11 இலக்கங்கள் கொண்ட எண் பெரிதாக எழுதப்பட்டிருக்கும். பெட்டியின் வகை, அது எந்த ரயில்வேக்கு உரியது, எந்த ஆண்டில் செய்யப்பட்டது என்பன யாவும் அவ்வெண்ணில் அடங்கும். தண்டவாளத்தை விட்டு இறங்காத பெட்டிக்கே இத்தனை அடையாளம் வேண்டுமென்றால், நினைத்த திசையில் திரும்பி மறைந்துவிடக்கூடிய மோட்டார் வண்டிக்கு எவ்வளவு வேண்டும்!

இதை நாங்கள் எண்ணிப் பார்க்கக் காரணமாயிருந்தது ஒரு துயர நிகழ்ச்சி. எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் தாத்தா, ஒரு மாலை நேரத்தில் அரூர் சாலையோரமாகப் பால் கேனுடன் நடந்து வந்துகொண்டிருந்தார். பின்னால் வந்த மோட்டார் சைக்கிள் ஒன்று அவரை இடித்துத் தள்ளிவிட்டு நில்லாமல் பறந்துவிட்டது. பார்த்தவர்கள் நால்வர். "கழுகுப் படம் போட்டிருந்தது" என்றார் ஒருவர். "வளைத்து வளைத்து என்னவோ எழுதியிருந்தது" என்றார் மற்றவர். எண்ணை மட்டும் எவராலும் சொல்ல முடியவில்லை. தாத்தாவின் கால் எலும்பு முறிந்தது. செலவு முழுவதும் அந்த ஏழைக் குடும்பத்தின் தலையில் விழுந்தது. இடித்த வண்டியோ, ஊர் பேர் தெரியாத வண்டியாகவே போய்விட்டது.

அன்றுமுதல் எண் பலகையைப் பற்றி ஆசிரியைகளிடமும் பெற்றோரிடமும் கேட்டும் படித்தும் நாங்கள் அறிந்தவற்றை உங்களோடு பகிர்ந்துகொள்கிறோம்.

எண் தெரிந்தால் என்ன பயன்?

வண்டியின் எண் தெரிந்தால் அதன் உரிமையாளர் தெரிவார். காப்பீட்டு நிறுவனமும் தெரியும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 146ஆம் பிரிவுப்படி, பிறருக்கு நேரும் தீங்கிற்கு ஈடு தரும் காப்பீடு ஒவ்வொரு வண்டிக்கும் கட்டாயம். பாதிக்கப்பட்டவர் மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தை நாடினால், மருத்துவச் செலவு, இழந்த வருமானம், உடல் ஊனம் ஆகியவற்றைக் கணக்கிட்டு இழப்பீடு விதிப்பார்கள்.

எண் தெரியாவிட்டால்? அரசு அவரைக் கைவிட்டுவிடுவதில்லை. 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த திட்டப்படி, இடித்துவிட்டு ஓடிய வண்டியால் இறந்தவர் குடும்பத்திற்கு 2 லட்சம் ரூபாயும், பலத்த காயமுற்றவருக்கு 50,000 ரூபாயும் வழங்கப்படும். அதற்கு முன்னர் இத்தொகை முறையே 25,000 ரூபாயாகவும் 12,500 ரூபாயாகவும் மட்டுமே இருந்தது. ஆனால் குடும்பத்தின் உழைப்பாளி ஒருவர் ஆயுள் முழுதும் நடக்க முடியாமல் போனால் 50,000 ரூபாய் எத்தனை நாளைக்கு வரும்? ஆகவே சாலையில் நடந்து செல்லும் ஏழைக்கு அந்தச் சிறு தகடு ஒரு பாதுகாப்புப் பத்திரம் என்று கூறினால் மிகையாகாது.

எண் பலகை வந்த வரலாறு

மோட்டார் வண்டிக்கு அடையாளப் பலகை வேண்டும் என்று முதன்முதலில் ஆணையிட்டது பிரான்சு நாட்டின் பாரிஸ் நகரக் காவல்துறை. ஆண்டு 1893. பிரிட்டனில் 1903ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 1904 ஜனவரி முதல் எண் பலகை கட்டாயமாயிற்று. நம் நாட்டில் 1914, 1939 ஆகிய ஆண்டுகளில் மோட்டார் வாகனச் சட்டங்கள் இயற்றப்பட்டன. இன்று நடைமுறையில் உள்ள 1988ஆம் ஆண்டுச் சட்டம் 1989 ஜூலை 1 அன்று செயலுக்கு வந்தது.

நம் வீட்டு வண்டிகளில் காணும் 'டி.என். 29' என்பதன் பொருள் யாது? 'டி.என்.' தமிழ்நாட்டைக் குறிக்கும். '29' தருமபுரி வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் எண். பக்கத்து மாவட்டமான கிருஷ்ணகிரிக்கு 24. அதன் பின் வரும் எழுத்துகள் வரிசையைக் காட்டும். கடைசியில் வருவது 1 முதல் 9999 வரையிலான எண். ஆங்கில எழுத்துகளில் 'ஐ', 'ஓ' ஆகிய இரண்டையும் இவ்வரிசையில் சேர்ப்பதில்லை. ஒன்று என்னும் இலக்கத்தோடும் சுழியத்தோடும் அவற்றைக் குழப்பிக்கொள்ளக் கூடாது அல்லவா!

"நம் தமிழில் எழுதினால் என்ன?" என்று தோழியர் சிலர் கேட்டனர். தாய்மொழிப் பற்று போற்றத்தக்கதே. ஆயினும் நம் ஊர் லாரி பஞ்சாபுக்கும் போகிறது, அசாமுக்கும் போகிறது. அங்குள்ள வழிப்போக்கரும் காவலரும் படிக்க வேண்டும் என்பதால், எழுத்து ஆங்கிலத்திலும் இலக்கம் 1, 2, 3 என்ற வடிவிலும் இருக்க வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதிகள் கூறுகின்றன. எழுத்தின் அளவுக்கும் விதி உண்டு. மோட்டார் சைக்கிளின் பின்பலகையில் எழுத்து 35 மில்லிமீட்டர் உயரமும், இலக்கம் 40 மில்லிமீட்டர் உயரமும் இருத்தல் வேண்டும்.

'உயர் பாதுகாப்பு' ஏன்?

பழைய பலகையை எந்தக் கடையிலும் எழுதி வாங்கலாம். ஒரு திருப்புளி இருந்தால் நிமிடத்தில் கழற்றலாம். திருடன் ஒருவன் வண்டியைத் திருடி வேறு எண்ணை மாட்டிக்கொண்டால் கண்டுபிடிப்பது கடினம். குற்றம் செய்யப் போகிறவன் நல்லவர் ஒருவரின் எண்ணைத் தன் வண்டியில் எழுதிக்கொண்டால், ஒரு பாவமும் அறியாத அவர் வீட்டிற்குக் காவலர் வந்து நிற்பர்!

இதைத் தடுக்கவே 2001ஆம் ஆண்டில் மத்திய அரசு விதிகளைத் திருத்தி, உயர் பாதுகாப்பு எண் பலகையைக் கொண்டுவந்தது. எதிர்த்துத் தொடரப்பட்ட வழக்கில் 2004 நவம்பர் 30 அன்று உச்ச நீதிமன்றம் இத்திட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. அப்படியும் பல மாநிலங்கள் காலம் கடத்தின. 1993இல் டில்லியில் நடந்த கார் குண்டுவெடிப்பில் உயிர் தப்பிய மணீந்தர்ஜித் சிங் பிட்டா இதற்காக உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடுத்தார். நீதிமன்றமும் மாநிலங்களைக் கடிந்துகொண்டது. இறுதியில் 2018 டிசம்பரில் வெளியான அறிவிக்கையின்படி, 2019 ஏப்ரல் 1 முதல் விற்பனையாகும் ஒவ்வொரு புதிய வண்டிக்கும் இப்பலகையை உற்பத்தியாளரே தர வேண்டும் என்று ஆயிற்று.

பலகையில் உள்ளவை

இனி அப்பலகையைக் கூர்ந்து நோக்குவோமா? அது 1 மில்லிமீட்டர் கனமுள்ள அலுமினியத் தகடு. எழுத்துகள் தகட்டிலேயே புடைத்து நிற்கும். இடப்பக்க மேல் மூலையில் நீல நிற அசோகச் சக்கரம் ஹாலோகிராம் முத்திரையாகப் பதிந்திருக்கும். சாய்த்துப் பார்த்தால் ஒளி மாறி மின்னும். அதன் கீழே 'ஐ.என்.டி.' என்ற நீல எழுத்துகள். இடப்பக்க அடியில் லேசர் ஒளியால் பொறிக்கப்பட்ட, குறைந்தது 10 இலக்கங்கள் கொண்ட தனி எண். ஒரு பலகைக்கு உள்ள எண் மற்றொன்றுக்கு இராது. கருப்பு எழுத்துகளின் மேல் 'இந்தியா' என்ற சொல் 45 பாகைச் சாய்வில் நுண்ணியதாக ஓடும்.

பலகையின் முகப்பில் ஒளியைத் திருப்பும் தாள் ஒட்டப்பட்டிருக்கிறது. சாதாரணக் கண்ணாடி ஒளியை வேறு திசைக்கு அனுப்பிவிடும். இத்தாளில் உள்ள மிக நுண்ணிய அமைப்புகளோ, ஒளி எங்கிருந்து வந்ததோ அங்கேயே திருப்பி அனுப்புகின்றன. ஆகவே இருட்டில் பின்னால் வரும் வண்டியின் விளக்கு பட்டதும் எண் பளிச்சென்று தெரிகிறது. பலகை வண்டியோடு பூட்டாணிகளால் பிணைக்கப்படுகிறது. ஒருமுறை மாட்டிய பூட்டாணியைக் கழற்ற முயன்றால் அது உடைந்துபோகும், மீண்டும் பயன்படாது.

கார்களுக்கு மூன்றாவது அடையாளமும் உண்டு. முன்கண்ணாடியின் உட்புறத்தில் 100க்கு 60 மில்லிமீட்டர் அளவில் ஒரு வில்லை ஒட்டப்படும். பெட்ரோல், சி.என்.ஜி. வண்டிக்கு வெளிர்நீலம், டீசல் வண்டிக்கு ஆரஞ்சு, மற்றவற்றுக்குச் சாம்பல் நிறம். பிய்த்தெடுத்தால் அது சிதைந்துவிடும்.

பெறுவது எப்படி?

புதிய வண்டி வாங்குவோருக்குக் கவலை இல்லை. விற்பனையாளரே பலகையை மாட்டி, அதன் லேசர் எண்ணை 'வாகன்' என்னும் அரசுக் கணினிப் பதிவேட்டில் சேர்த்துவிடுவார்.

2019 ஏப்ரலுக்கு முந்திய வண்டிகளுக்கு எப்போது மாற்றுவது என்பதை அந்தந்த மாநில அரசு அறிவிக்கும். கர்நாடக அரசு 2023 ஆகஸ்டில் அவ்வாறு அறிவித்தது. கெடு பலமுறை நீட்டிக்கப்பட்டது. பெங்களூரில் வேலை பார்க்கும் நம் ஊரார் பலர் கே.ஏ. எண்ணுள்ள வண்டி வைத்திருப்பதால் இதனை அறிந்திருத்தல் நலம்.

பதிவு செய்ய ஆர்.சி. புத்தகம் கையில் வேண்டும். வண்டியின் எண், சேசிஸ் எண், எஞ்சின் எண் ஆகியவற்றை அதில் உள்ளவாறே ஓர் எழுத்தும் பிசகாமல் குறிப்பிட வேண்டும். வண்டி எந்த நிறுவனத்துடையதோ அந்நிறுவனம் ஒப்புதல் அளித்த இடத்தில் பதிந்து, பணம் கட்டி, ரசீதைப் பத்திரப்படுத்த வேண்டும். குறித்த நாளில் பலகையை வண்டியிலேயே பொருத்திக்கொள்ள வேண்டும். பலகையை மட்டும் கையில் வாங்கி வந்து வீட்டில் மாட்டிக்கொள்ள இயலாது. பலகை காணாமற்போனால் காவல் நிலையத்தில் புகார் அளித்து, அதன் நகலைக் காட்டியே மாற்றுப் பலகை பெற வேண்டும்.

இரண்டு எச்சரிக்கைகள்

முதலாவது, 'ஐ.என்.டி.' என்று அச்சிட்டு உண்மைப் பலகை போலவே செய்து தரும் கடைகள் உண்டு. லேசர் எண்ணும் பதிவேட்டுத் தொடர்பும் இல்லாத அது வெறும் தகடே.

இரண்டாவது, பலகைக்குப் பதிவு செய்து தருவதாகக் கூறிப் பணம் பறிக்கும் போலி இணையதளங்கள் பல. கைப்பேசியில் வரும் இணைப்பைத் தொட்டுப் பணம் கட்டிவிட்டுப் பின் வருந்துவதைவிட, வண்டி வாங்கிய விற்பனை நிலையத்திலோ வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலோ கேட்டறிவது மேல். ஏமாந்துவிட்டால் உடனே 1930 என்ற எண்ணுக்குத் தெரிவிக்க வேண்டும். நம் வீடுகளில் கைப்பேசியை இயக்கத் தெரிந்தவர்கள் பெரும்பாலும் நாம்தாமே! அப்பாவுக்கும் அண்ணனுக்கும் இதை எடுத்துச் சொல்லும் கடமையும் நம்முடையதே.

முடிவாக

தோழியரே! எண் பலகை தானே விபத்தைத் தடுத்துவிடாது. வேகத்தைக் குறைப்பதும் நிதானமாக ஓட்டுவதும் ஓட்டுபவரின் கையில்தான் உள்ளன. ஆனால் 'என்னை எல்லாரும் அறிவர்' என்ற நினைவு மனிதனைப் பொறுப்புள்ளவன் ஆக்கும். தன் எண்ணைப் படத்தாலும் அலங்கார எழுத்தாலும் மறைப்பவர், அதைப் படிக்க வேண்டிய பிறரை மறந்துவிடுகிறார். பலகைக்குப் பணம் கொடுப்பவர் உரிமையாளர்தான். அது தேவைப்படுவதோ, வண்டியே இல்லாமல் சாலையோரம் நடப்பவருக்கு.

நம் கண்முன் விபத்து நேர்ந்தால் கூச்சலிட்டு நிற்காமல், வண்டியின் கடைசி நான்கு இலக்கங்களையாவது மனத்தில் பதித்துக்கொள்வோம். நிறத்தையும் சென்ற திசையையும் குறித்துக்கொள்வோம். 108க்குத் தெரிவிப்போம். நல்லெண்ணத்தோடு உதவுபவருக்கு 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின் 134ஏ பிரிவு பாதுகாப்பு அளிப்பதால் அஞ்ச வேண்டியதில்லை.

எங்கள் தோழியின் தாத்தா இப்போது கோலூன்றி நடக்கிறார். மாலையில் பள்ளி வாயிலுக்கு வந்து பேத்திக்காகக் காத்திருப்பார். அவ்வேளையில் எங்களை அழைத்துப்போக வரும் வண்டிகளின் எண் பலகைகளை நாங்கள் ஒவ்வொன்றாகப் பார்க்கிறோம். அழுக்குப் படிந்திருந்தால் துடைக்கிறோம். மறைத்திருந்தால் உரியவரிடம் பணிவோடு சொல்கிறோம். சென்ற வாரம் ஒரு தோழியின் அண்ணன் தம் வண்டியில் ஒட்டியிருந்த கழுகுப் படத்தைத் தாமே கிழித்தெறிந்தார். தாத்தா அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.