முட்டையிடாத மீன்கள்

கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில், ஃபோர்ட் மெக்முரே நகருக்கு வடக்கே எண்ணெய் மணலோடு ஒட்டிக் கிடக்கிறது. 1967 முதல் அதை வணிக அளவில் வெட்டியெடுக்கிறார்கள். மணலை வெந்நீரில் காஸ்டிக் சோடா சேர்த்து அலசினால் பிட்டுமென் என்னும் தார் பிரிந்து மிதக்கும். அலசிய நீரை அருகே ஓடும் அதபாஸ்கா ஆற்றில் விட அனுமதியில்லை. கரை எழுப்பித் தேக்கியிருக்கிறார்கள், ஒரு லட்சம் கோடி லிட்டருக்கும் மேல்.

2008இல் அப்படியொரு தேக்கத்தில் இறங்கிய சுமார் 1,600 வாத்துகள் தார் அப்பி மாண்டபோது உலகமே பதறியது. அதைவிட என்னைக் கலங்கவைப்பது கண்ணுக்கே தெரியாத நாப்தீனிக் அமிலங்கள்தாம். பிட்டுமெனில் இயல்பாகவே இருக்கும் இவை, கார நீர் பட்டதும் உப்பாகிக் கரைந்துவிடுகின்றன. ஆற்றுநீரில் பெரும்பாலும் லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்கும் குறைவு. புதிய கழிவுநீரிலோ 100 மில்லிகிராமைக்கூடத் தொடும். சோப்பைப் போல ஒரு முனையால் நீரையும் மறுமுனையால் கொழுப்பையும் பற்றுவதால், உயிரணுக்களின் மெல்லிய சவ்வில் புகுந்து அதைக் குலைக்கின்றன.

இத்தகைய நீரைச் சோதிக்க வழக்கமான முறை ஒன்றுண்டு. ரெயின்போ டிரவுட் குஞ்சுகளை 96 மணி நேரம் அதில் விட்டு, எத்தனை பிழைக்கின்றன என்று எண்ணுவார்கள். பல ஆண்டுகள் தேங்கிய நீரில் எளிதில் சிதையும் அமிலங்களை நுண்ணுயிர்கள் தின்றிருக்கும். நஞ்சு தணிந்து மீன்கள் பிழைக்கவும் கூடும். ஆனால், கெண்டைக் குடும்பத்து ஃபேட்ஹெட் மின்னோ மீன்களை அந்தப் பழைய நீரில் வளர்த்துப் பார்த்தபோது அவற்றின் பாலின ஹார்மோன்கள் குறைந்தன, முட்டைகளும் குறைந்தன. நான்கு நாளில் சாகவில்லை என்பதை வைத்து ஆறு பிழைக்கும் என்று எப்படிச் சொல்வது?

நாப்தீனிக் அமிலம் என்பது தனிப்பொருளும் அல்ல. ஆயிரக்கணக்கான சேர்மங்களின் கலவை. அதபாஸ்கா ஆறு எண்ணெய்ப் படிவங்களை அறுத்துக்கொண்டு ஓடுவதால் இயற்கையாகவும் கொஞ்சம் கலக்கிறது. கலந்தது கழிவா, இயற்கையா என்று பிரித்தறிவதே பெரும்பாடு.

இந்நிலையில்தான், சுத்திகரித்த கழிவுநீரை ஆற்றில் விடுவதற்கான விதிகளைக் கனடா அரசு பரிசீலிக்கிறது. ஆனால், ஏற்கெனவே தேக்கிய நீரே கசிந்திருக்கிறது: அப்பகுதியிலுள்ள கெர்ல் எண்ணெய் மணல் சுரங்கத்தில் 2022 மே மாதமே கசிவு தெரிந்தது. அது கழிவுநீர்தான் என்று ஆற்றின் கீழ்ப்புறமுள்ள ஃபோர்ட் சிப்பவயன் ஊரின் பூர்வகுடிகளுக்குத் தெரியவந்ததோ 2023 பிப்ரவரியில். அந்த ஆற்றுநீரில் மீன் பிடித்து உண்பவர்கள் அவர்கள். விதி எழுதுவதற்குமுன், ஒரு தலைமுறை மீன் முட்டையிலிருந்து வளர்ந்து மறுபடி முட்டையிடும்வரை சோதிக்க வேண்டும். அந்த முடிவுகள் முதலில் அவர்கள் கைக்குப் போக வேண்டும்.