மூட்டில் கிருமித்தொற்று: காத்திருக்க வேண்டாம்

காணி துப்புரவு செய்யும்போது முள் குத்திய இடம், ஆறாத புண், தோலில் வந்த கட்டு போன்றவற்றிலிருந்து கிருமிகள் இரத்தத்தின் வழியாக மூட்டுக்குள் செல்லலாம். பெரியவர்களுக்குப் பெரும்பாலும் முழங்கால் பாதிக்கப்படும். சிறுபிள்ளைகளுக்கு இடுப்பு மூட்டிலும் வரும். சலரோகம் உள்ளவர்களும் வயோதிபர்களும் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

அறிகுறிகள்
ஒரு மூட்டு திடீரென வீங்கிச் சூடாகும். அசைக்க முடியாதபடி நோகும். அநேகமாகக் காய்ச்சலும் இருக்கும். குழந்தை காலை அசைக்காமல் அழும், நடக்க மறுக்கும். இவற்றைக் கண்டால் அன்றைக்கே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.

பரிசோதனை
வைத்தியர் ஊசியால் மூட்டு நீரை எடுத்துச் சோதிப்பார். இரத்தமும் சோதிக்கப்படும். வீட்டில் மிஞ்சியிருக்கும் அன்டிபயோட்டிக் குளிசைகளை முன்கூட்டியே விழுங்கினால், எந்தக் கிருமி என்று கண்டறிவது கடினம். உடலில் பழைய செல் துண்டு இருந்தால் வைத்தியரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

சிகிச்சை
மூட்டிலுள்ள சீழ் அகற்றப்படும். இதற்குச் சத்திரசிகிச்சையும் தேவைப்படலாம். மருந்து முதலில் ஊசியாகவும் பின்னர் குளிசையாகவும் சில கிழமைகளுக்குத் தரப்படும். நோவு குறைந்துவிட்டதென்று இடையில் நிறுத்தக் கூடாது.

எண்ணெய் பூசி உருவுவதும், பத்துப் போட்டுக் காத்திருப்பதும் ஆபத்து. சில நாள் தாமதித்தாலே குருத்தெலும்பு அழிந்து, மூட்டு நிரந்தரமாக விறைத்துவிடலாம். கிருமி இரத்தத்தில் பரவினால் உயிருக்கே ஆபத்து.

அரசாங்க வைத்தியசாலைகளில் சிகிச்சை இலவசம். இடம்பெயர்வில் கிளினிக் கொப்பி தொலைந்திருந்தாலும் தயங்காமல் செல்லுங்கள். நடக்க முடியாவிட்டால் 1990 இலக்கத்துக்கு அழையுங்கள். அம்புலன்ஸ் இலவசமாக வரும்.