புகையை வடிகட்டும் இலைகள்! தெரியுமா?

தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தை அண்ணாந்து பார்த்து வியந்திருப்பீர்கள். அதைப் போல நான்கை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் எவ்வளவு உயரம் வரும்? பெரிய அனல்மின் நிலையத்தின் புகைபோக்கி அதையும் மிஞ்சும். 275 மீட்டர்! அதிலிருந்து வரும் புகையோடு மல்லுக்கு நிற்பது யார் தெரியுமா? ஏறக்குறைய ஒரு சாண் நீளமே உள்ள மாவிலை!

500 மெகாவாட் அலகு ஒன்று முழு வேகத்தில் ஓடினால் ஒரு நாளில் விழுங்கும் நிலக்கரி 7,000 டன்னைத் தொடும்! நம் நாட்டு நிலக்கரியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சாம்பல்தான். அத்தனையும் வானத்துக்கா என்று பதறாதீர்கள். இ.எஸ்.பி. என்ற கருவி, பறக்கும் சாம்பலில் 99 சதவீதத்துக்கு மேல் மின்விசையால் இழுத்துப் பிடித்துவிடும். தப்பித்து வரும் மிச்சம்தான் இலைகளின் பங்கு!

அந்த மிச்சத்தில் மிக ஆபத்தானது எது? தலைமுடியின் தடிமனில் ஏறக்குறைய 30-ல் ஒரு பங்கே உள்ள நுண்தூசி! கண்ணுக்குத் தெரியாத இது இலையில் எப்படிச் சிக்குகிறது? தேக்கிலையைத் தடவிப் பாருங்கள், சொரசொரக்கும். எருக்கிலையில் மாவு பூசினாற்போல வெள்ளைப் பஞ்சு இருக்கும். அந்தச் சொரசொரப்பும் பஞ்சும் மெழுகுப் பூச்சும்தான் வலை! மழை வந்து கழுவிவிட்டால் வலை மறுபடி தயார்!

தூசி சரி, கந்தக டைஆக்சைடு? அதை இலை உள்ளேயே இழுத்துக்கொள்கிறது! ஒரு சதுர மில்லிமீட்டரில் நூற்றுக்கணக்கான இலைத்துளைகள். உள்ளே போன கந்தகத்தைக் கொண்டு செடி தனக்குப் புரதம் தயாரிக்கிறது! அளவு மீறினால் மட்டும் இலை கருகும். வடக்கு ஐரோப்பாவில் 1980-களுக்குப் பிறகு மின் நிலையப் புகையைச் சுத்தம் செய்தார்கள். என்ன ஆயிற்று தெரியுமா? கடுகின் உறவான ரேப்சீட் பயிருக்குக் கந்தகப் பற்றாக்குறை வந்துவிட்டது! விவசாயிகள் கந்தகத்தைக் காசு கொடுத்து வாங்கி உரமாகப் போட்டார்கள்!

புகையைத் தாங்க மரத்துக்கு எது வேண்டும்? வைட்டமின் சி! ஆம், நெல்லிக்காயில் இருக்கும் அதேதான்! 1983-ல் சிங், ராவ் என்ற இரு இந்திய ஆய்வாளர்கள் மரங்களுக்கு மதிப்பெண் போட ஒரு சூத்திரமே தந்தார்கள். இலையின் வைட்டமின் சி, பச்சையம், புளிப்புத் தன்மை, நீர்ச்சத்து ஆகிய நான்கும்தான் கணக்கு. ஆல், அரசு, மா மூன்றும் பல ஆய்வுகளில் நல்ல மதிப்பெண் வாங்கியவை!

மரங்கள் மட்டுமல்ல, ஒரு களையும் கைகொடுக்கிறது! குளத்தோரம் இளஞ்சிவப்பில் புனல்போலப் பூக்கும் நெய்வேலிக் காட்டாமணக்கு தெரியும்தானே? பெயரில் நெய்வேலி, பூர்வீகமோ தென் அமெரிக்கா! ஏரி குளங்களை அடைத்துக்கொள்ளும் இந்தக் களை, வட இந்திய அனல்மின் நிலையங்கள் சாம்பலைக் கொட்டும் குட்டைகளில் செழித்து வளர்கிறது! வேரால் சாம்பலைக் கட்டிப்போட்டுக் காற்றில் பறக்காமல் தடுக்கிறது. அதன் வேர்கள் உலோகங்களையும் உறிஞ்சுகின்றன. ஆடு மாடு தின்றால் நஞ்சு! ஆனால் தயவுசெய்து குளத்தில் மட்டும் விடாதீர்கள்.

அமெரிக்க மரங்கள் 2010-ல் மட்டும் அகற்றிய காற்று மாசு எவ்வளவு? 1.74 கோடி டன்! காப்பாற்றப்பட்ட உயிர்கள் 850-க்கு மேல் என்பது ஆய்வாளர்களின் கணக்கு! ஓஹியோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் 2019 ஆய்வு இன்னொரு குண்டைப் போட்டது. ஆலைகள் போன்ற இடங்களின் அருகே செடி, மரம் வளர்த்தால் மாசு சராசரியாக 27 சதவீதம் குறையலாமாம்! ஆராய்ந்த மாவட்டங்களில் 75 சதவீதத்தில் மாசு அகற்றும் இயந்திரத்தைவிட மரமே மலிவு!

அதற்காக இ.எஸ்.பி. கருவியைக் கழற்றிவிடலாமா? கூடவே கூடாது! அமெரிக்க மரங்கள் அவ்வளவு உழைத்தும் காற்றின் தரம் உயர்ந்தது சராசரியாக ஒரு சதவீதத்துக்கும் குறைவு. கருவி முன்னே, மரம் பின்னே!

அனல்மின் நிலையங்கள் உள்ள எண்ணூர், மேட்டூர், தூத்துக்குடி, நெய்வேலிப் பக்கம் இருப்பவரா நீங்கள்? மழையில்லாத ஒரு வாரம் பார்த்து, தெருவோர மாவிலையை ஈரமான வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். துணியில் ஒட்டும் அழுக்கு, உங்கள் பிள்ளையின் மூச்சில் கலந்திருக்கக் கூடியது! அந்த மரத்தை வெட்ட யாராவது வந்தால் விடாதீர்கள்!