மலையேறி வரக்கூடிய கண்காட்சி

வித்துரா, டிச.: நல்ல ஓவியக் கண்காட்சி ஒன்றைப் பார்க்க வேண்டுமானால் வித்துராக்காரர்கள் சுமார் 40 கிலோமீட்டர் பயணம் செய்து திருவனந்தபுரம் போக வேண்டும். அங்கே 1935-ல் திறக்கப்பட்ட ஸ்ரீசித்ரா கலைக்கூடத்தில் இருந்த ரவிவர்மா படங்கள் இந்த மலையடிவாரத்துக்கு வரமாட்டா. பெட்டி, லாரி, காப்பீடு, காவல் என்று செலவு நீளும்.

ஆனால் சட்டைப் பையிலேயே வந்துவிடக்கூடிய கலை ஒன்று உண்டு. அதுதான் வீடியோக் கலை.

இது சினிமா அல்ல. கதை வேண்டும், பாட்டு வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஒரே காட்சி அரை மணி நேரம் ஓடினாலும் ஓடும்! 1963-ல் நாம் ஜூன் பைக் என்ற கொரியக் கலைஞர் ஜெர்மனியில் டெலிவிஷன் பெட்டிகளைக் கொண்டு நடத்திய கண்காட்சியை இதன் தொடக்கமாகச் சொல்வார்கள். நம் நாட்டில் 1990-களில் நளினி மலானி, விவான் சுந்தரம் போன்றோர் இதில் இறங்கினர்.

ஓவியர்களே நடத்தும் கூடங்கள்

இக்கலையை வளர்த்ததில் ஓவியர்கள் தாமே நடத்தும் சிறு கூடங்களுக்குப் பெரும் பங்குண்டு. தாமே நடத்துவது தமிழர்களுக்குப் புதிதல்ல. கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில் ஓவியர்கள் கைவினைப் பொருள்களை விற்ற காசில் நிலம் வாங்கி, 1966-ல் சென்னை அருகே சோழமண்டலத்தை அமைத்தார்கள். அதில் தமிழரும் மலையாளியும் சேர்ந்தே இருந்தனர். பின்னர் டில்லியில் 1997-ல் 'கோஜ்', கொழும்பில் 2000-ல் 'தீர்த்த', டாக்காவில் 2002-ல் 'பிரிட்டோ' ஆகியவை தோன்றி, ஒருவரை ஒருவர் அழைத்துப் பணி செய்தன.

ஆட்கள் போக முடியாத இடத்துக்கும் படம் போகும். மும்பையின் ஷில்பா குப்தாவும் பாகிஸ்தானின் ஹுமா முல்ஜியும் 2000-ல் 'ஆர் பார்' என்ற பரிமாற்றத்தைத் தொடங்கினர். 2002-ல் படங்களை மின்னஞ்சலில் அனுப்பி, எல்லைக்கு அப்பால் சுவரொட்டியாக அச்சிட்டார்கள். விசா கேட்க ஆளில்லை!

வீடியோவுக்கு இது இன்னும் எளிது. நாலு ஊர்க் கூடங்கள் ஆளுக்கு இரண்டு படம் தேர்ந்தால், எட்டுப் படங்களும் நாலு ஊரிலும் ஓடும். ஒரு புரொஜெக்டர், வெள்ளைச் சுவர், இருட்டு இருந்தால் போதும். நகல் எடுப்பது சுலபம் என்பதற்காக, படைத்தவருக்கு ஒன்றும் தராமல் விடுவது மட்டும் நியாயமாகாது.

கேரளத்துக்கு இதில் முன் அனுபவம் உண்டு. தமிழில் 'அக்ரஹாரத்தில் கழுதை' எடுத்த ஜான் ஆபிரகாம், 1984-ல் நண்பர்களுடன் 'ஒடேசா'வை ஏற்படுத்தினார். ஊர் ஊராகப் படம் காட்டி, மக்களிடம் காசு திரட்டி, 1986-ல் 'அம்ம அறியான்' வெளிவந்தது.

பரிமாற்றம் என்றால் வித்துராவும் பதிலுக்கு எதையாவது அனுப்ப வேண்டும் அல்லவா? போணக்காட்டுத் தேயிலைத் தோட்டங்களில் உழைத்த தமிழ்க் குடும்பங்களும், காணிக்காரர்களும், கல்லாறும் இங்கே இருக்கிறார்கள். இவர்களை வெளியூர்க்காரர் படம் பிடிப்பது ஒன்று. இவ்வூர்ப் பிள்ளைகளே படம் பிடித்துக் கொழும்புக்கும் டாக்காவுக்கும் அனுப்புவது வேறு.

பள்ளிக்கூட மண்டபம் கிடைத்தால் நடத்திவிடலாம். மழைக்காலம் மட்டும் ஆகாது. மரம் சாய்ந்தால் மின்சாரம் போய்விடும். தை, மாசி மாதங்களே தோது. இரவு ஏழு மணிக்கு நல்ல இருட்டும் இருக்கும். கடைசி பஸ்ஸுக்கும் நேரம் இருக்கும்.