ஒரு வாளித் தண்ணீரும் அனுமதிக் கட்டணமும்

திருவண்ணாமலை மாவட்டத்துக் கீழ்பென்னாத்தூரில் ஒரு வீட்டுக்கு ரூஃப் போடும் நாளில், வெயில் ஏற ஏறக் கலவை இறுகிக்கொண்டே வரும். மேலே பரப்புகிறவர் கொஞ்சம் தண்ணி விடச் சொல்லிக் குரல் கொடுப்பார். கீழே ஒரு வாளி கூடுதலாக மிஷினுக்குள் போகும். கலவை வழுக்கிக்கொண்டு ஓடும், வேலையும் சீக்கிரம் முடியும். ஆனால் அந்த வீட்டின் ஆயுளில் ஒரு பகுதி அந்த வாளியோடு போய்விடுகிறது.

சிமெண்ட் காய்ந்து கெட்டியாகிறது என்றுதான் பலரும் நினைக்கிறோம். உண்மையில் அது தண்ணீரைத் தன்னோடு சேர்த்துக்கொண்டுதான் கல்லாகிறது. சிமெண்டில் உள்ள கால்சிய சிலிகேட்டுகள் தண்ணீரோடு வினைபுரிந்து, கண்ணுக்குத் தெரியாத இழைகளாகவும் படிகங்களாகவும் வளர்ந்து மணலையும் ஜல்லியையும் இறுகப் பற்றுகின்றன. தண்ணீருக்கு அடியில் கிடந்தாலும் இது நடக்கும். 50 கிலோ மூட்டை ஒன்றுக்கு இந்த வினைக்கு மட்டும் வேண்டியது ஏறக்குறைய 12 லிட்டர் தண்ணீர். கலவை புரண்டு கம்பிகளுக்கு இடையே இறங்க இன்னும் கொஞ்சம் வேண்டும். சாதாரணச் சூழலில் கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு, மொத்தத் தண்ணீர் சிமெண்டின் எடையில் 0.55 பங்கைத் தாண்டக் கூடாது என்கிறது இந்தியத் தரக் குறியீடான ஐ.எஸ். 456. அதாவது மூட்டைக்கு 27.5 லிட்டர். மணலில் ஏற்கெனவே ஊறியிருக்கும் ஈரமும் இந்தக் கணக்கில்தான் வரும்.

அதற்கு மேல் ஊற்றிய தண்ணீருக்கு உள்ளே வேலை இல்லை. அது மெல்ல ஆவியாகி வெளியேறும். இருந்த இடமெல்லாம் நுண்துளை. தண்ணீர் கூடக் கூட வலிமை குறையும் என்ற இந்த உறவை அமெரிக்காவின் டஃப் ஏப்ரம்ஸ் 1918-இல் சோதனைகளோடு வெளியிட்டார். உலகெங்கும் கான்கிரீட் கலவை இன்றும் அந்த அடிப்படையில்தான் கணக்கிடப்படுகிறது.

துளைகளால் வலிமை மட்டும் குறைவதில்லை. நல்ல கான்கிரீட்டின் உட்புறம் கடுமையான காரத்தன்மை கொண்டது. அந்தக் காரம்தான் கம்பியின் மேல் மிக மெல்லிய காப்புப் படலத்தை உண்டாக்கித் துருவைத் தடுக்கிறது. துளைகள் வழியே காற்றிலுள்ள கரியமில வாயு நுழைந்தால் காரம் குறைந்து படலம் அழியும். ஈரமும் சேர்ந்தால் கம்பி துருப்பிடிக்கும். துரு இரும்பைவிட அதிக இடம் பிடிப்பது. உள்ளிருந்தே கான்கிரீட்டைப் பிளந்துவிடும். கட்டிப் பல வருடம் ஆகாத வீட்டில் சீலிங் பெயர்ந்து கம்பி எட்டிப்பார்ப்பதன் காரணம், பெரும்பாலும் ரூஃப் போட்ட அன்றோ, இறுகிய கான்கிரீட்டின் மேல் தண்ணீர் கட்டி ஈரமாக வைக்காமல் விட்ட அடுத்த சில நாட்களிலோதான் இருக்கும்.

இந்த வாளியை, அனுமதிக்குக் கொடுக்கிற எந்த வரைபடத்திலும் காண முடியாது. இங்கேதான் அனுமதிக் கட்டணத்தைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது.

2024 ஜூலை 22 அன்று தமிழக அரசு சுயசான்றுத் திட்டத்தைத் தொடங்கியது. 2,500 சதுர அடி வரையிலான மனையில், 3,500 சதுர அடிக்குள், தரைத்தளமும் ஒரு மாடியும் வரை வீடு கட்டுகிறவர், விதிகளுக்கு உட்பட்டே கட்டுவதாகத் தாமே சான்றளித்து, இணையத்தில் பணம் கட்டி, உடனே அனுமதி பெறலாம். கீழ்பென்னாத்தூர் போன்ற பேரூராட்சியில் இது பெரிய விடுதலை. கையில் கோப்போடு அலைந்தவர்களுக்கு அது நன்றாகவே தெரியும். சதுர அடிக்கு இவ்வளவு என்று ஒரே தொகையாக வந்தபோது, கட்டணம் ஏறிவிட்டது என்ற குறையும் பல ஊர்களில் எழுந்தது.

அந்தக் குறையை நான் அலட்சியம் செய்யவில்லை. நகையை அடகு வைத்துக் கடைக்கால் தோண்டுகிற குடும்பத்துக்கு ஒவ்வொரு ஆயிரமும் பெரிது. ஆனாலும் கட்டணத்தை இன்னும் கொஞ்சம் உயர்த்தலாம் என்பதுதான் என் எண்ணம். அந்தக் கூடுதல் தொகை தனிக் கணக்கில் இருந்து, ஊரின் கொத்தனார்களுக்கும் கம்பி கட்டுகிறவர்களுக்கும் பயிற்சியாகத் திரும்பி வர வேண்டும். இந்த ஒரு நிபந்தனை இல்லாவிட்டால் ஒரு ரூபாய் உயர்வையும் ஏற்க மாட்டேன்.

காரணம் எளிது. அனுமதி உடனே கிடைக்கிற இடத்தில், கட்டும்போது பார்க்கிற கண் மேஸ்திரியின் கண் ஒன்றுதான். மனையின் அளவைக் கணினி சரிபார்க்கும். மண்ணை அது அறியாது. ஃபெஞ்சல் புயல் மழையில், 2024 டிசம்பர் 1 அன்று, திருவண்ணாமலை வ.உ.சி. நகரில் மலைச்சரிவிலிருந்து மண்ணும் பாறையும் வீட்டின் மேல் இறங்கி ஏழு பேர் இறந்தார்கள். அவர்களில் ஐந்து பேர் குழந்தைகள். நிலத்தைப் படிக்கத் தெரிந்தவர்கள் ஒவ்வொரு ஊரிலும் எவ்வளவு அவசியம் என்று இந்த மாவட்டத்துக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

கட்டுமானப் பணத்தில் ஒரு பங்கைத் தொழிலாளிக்கு ஒதுக்குவது புதிதும் அல்ல. கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் தமிழ்நாட்டில் 1994-இலேயே வந்துவிட்டது. 1996-இன் மத்தியச் சட்டம் கட்டுமானச் செலவில் 1 முதல் 2 சதவீதம் வரை நல வரி வசூலிக்க வழி செய்தது. வசூலாவது 1 சதவீதம். சொந்தக் குடியிருப்புக்கு 10 லட்சம் ரூபாய் வரை அந்தச் சட்டம் விலக்குத் தந்தது. 2020-இன் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு அந்த எல்லையை 50 லட்சமாக்கியது. ஆக, சிறிய ஊர்களின் பெரும்பாலான வீடுகள் இந்த மத்திய வரிக்குள் வராது. வசூலான இடத்திலும் பல மாநிலங்களில் பணம் ஆயிரக்கணக்கான கோடியாகத் தேங்கிக் கிடந்ததை 2018-இல் உச்ச நீதிமன்றம் கண்டித்தது. தனிக் கணக்கு வேண்டும் என்று நான் வற்புறுத்துவது அதனால்தான்.

பயிற்சிக்குப் பெரிய கட்டடம் எதுவும் தேவையில்லை. 30 சென்டிமீட்டர் உயரமுள்ள, இருபுறமும் திறந்த ஓர் இரும்புக் கூம்பு போதும். ஈரக் கலவையை அதில் நிரப்பி, குத்திச் சமன்படுத்தி, கூம்பை மேலே தூக்கினால் கலவை எவ்வளவு அமிழ்கிறது என்பது ஸ்கேலில் தெரிந்துவிடும். தண்ணீர் கூடினால் மொத்தமும் சரிந்து பரவும். அதே கலவையை 15 சென்டிமீட்டர் கனசதுர அச்சுகளில் வார்த்து, 28 நாள் தண்ணீரில் வைத்து, பக்கத்துப் பொறியியல் கல்லூரியின் அழுத்தும் எந்திரத்தில் உடைத்துப் பார்க்கலாம். எம்-20 கான்கிரீட் என்றால் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 200 கிலோ தாங்க வேண்டும். ஒரு வாளி கூடுதலாக விட்ட கட்டி அதற்கு முன்பே நொறுங்குவதைத் தன் கண்ணால் பார்த்த கொத்தனார், அடுத்த தளத்தில் தண்ணி கேட்கும் குரலுக்கு வேறு பதில் சொல்வார்.

செலவில் பெரிய பங்கு கூம்புக்கோ அச்சுக்கோ போகாது, கூலிக்குத்தான் போகும். பயிற்சிக்கு வருகிற நாளில் கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் சம்பளம் இல்லை. வராததற்குக் காரணம் அக்கறையின்மை இல்லை, அன்றைய அரிசி. அந்த நாளின் முழுக் கூலியையும், ஆண் பெண் வேறுபாடு பார்க்காமல், கூடுதல் கட்டணத்திலிருந்து பேரூராட்சியே கையில் கொடுக்க வேண்டும். எத்தனை பேர் பயின்றார்கள், எத்தனை கட்டிகள் உடைக்கப்பட்டன, எவ்வளவு தாங்கின என்ற கணக்கைப் பணம் கட்டியவர்கள் படிக்கும்படி அலுவலக அறிவிப்புப் பலகையில் மாதந்தோறும் ஒட்ட வேண்டும்.