ஜப்பான் விமானம் ஏறும் முன் இந்தச் சான்றிதழ் கையில் இருக்கிறதா?

சென்னை ஐ.டி. நிறுவனங்கள் ஜப்பானுக்கு அனுப்பும் பிள்ளைகள் விசா, ஸ்வெட்டர், பருப்புப்பொடி வரை சரிபார்க்கிறார்கள். 'கவரேஜ் சர்டிபிகேட்' வாங்கியாச்சா என்றால் மட்டும், "அதை ஹெச்.ஆர். பாத்துக்குவாங்க" என்கிறார்கள். பல இடங்களில் ஹெச்.ஆருக்கே அது என்னவென்று தெரிவதில்லை. விளைவு, இங்கே பி.எஃப். பிடித்தம் ஓட, அங்கேயும் ஓய்வூதியக் காப்பீட்டுக்குச் சம்பளத்தில் 9.15 சதவீதம் போகிறது.

இந்தியா–ஜப்பான் சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் 2016 அக்டோபர் 1 முதல் நடப்பில் இருக்கிறது. இங்குள்ள நிறுவனம் ஐந்து ஆண்டு வரை அனுப்பிவைக்கும் ஊழியர் இந்தச் சான்றிதழைக் காட்டினால் அங்கே பென்ஷன் பிடித்தம் இல்லை. பென்ஷன் மட்டும்தான்; மருத்துவக் காப்பீட்டுத் தொகையைக் கட்டியே ஆக வேண்டும். ஜப்பானிய நிறுவனம் நேரடியாக வேலைக்கு எடுத்தால் இந்தச் சலுகை கிடையாது.

விண்ணப்பம் இ.பி.எஃப்.ஓ. இணையதளத்தில், சர்வதேசப் பணியாளர் பகுதியில் இருக்கிறது. நிறுவனத்தின் ஒப்புதல் வேண்டும். நீங்கள் குடியிருப்பது தாம்பரமாக இருக்கலாம், நிறுவனத்தின் பி.எஃப். குறியீடு பெங்களூருவில் பதிவாகியிருந்தால் கோப்பு அங்கேதான் போகும். பெரும்பாலும் சிக்குவது பெயரில். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக இருக்கும், யூ.ஏ.என்.னில் வெறும் இனிஷியல். ஜாயின்ட் டிக்ளரேஷன் கொடுத்து அதை முதலில் திருத்துங்கள். டிக்கெட் போட்ட பிறகு தொடங்கினால் அலுவலகம் உங்களுக்காக ஓடாது. இதை எத்தனை முறை சொன்னாலும் கேட்பாரில்லை!

ஏற்கெனவே அங்கே கட்டியவர்கள் கவனிக்க. ஆறு மாதமாவது கட்டி, பத்து ஆண்டு நிறையாமல் திரும்பினால் மொத்தத் தொகையாகக் கேட்கலாம். ஜப்பானில் முகவரி நீங்கிய நாளிலிருந்து இரண்டே ஆண்டுதான் அவகாசம். அதனால் கிளம்பும் முன் நகராட்சி அலுவலகத்தில் வெளியேறும் அறிவிப்பைக் கட்டாயம் கொடுங்கள். முகவரி அங்கேயே பதிவில் கிடந்தால் விண்ணப்பம் நிராகரிக்கப்படும். பணத்தை வாங்கினால் அந்தக் காலம் கணக்கிலிருந்தே அழிந்துவிடும். மறுபடி போகும் எண்ணமிருந்தால் யோசித்துக் கேளுங்கள், ஏனென்றால் பத்தாண்டுத் தகுதிக்கு இங்குள்ள பி.எஃப். காலத்தையும் சேர்க்க ஒப்பந்தம் இடம் தருகிறது.

ஊழியர் ஓய்வூதியக் காப்பீட்டிலிருந்து வரும் அந்தத் தொகையில் 20.42 சதவீதம் வரி பிடித்துக்கொள்வார்கள். அதைத் திரும்பப் பெற ஜப்பானில் வசிக்கும் ஒருவரை, நண்பரானாலும் சரி, வரிப் பிரதிநிதியாக நியமித்து, அங்குள்ள வரி அலுவலகத்தில் படிவம் கொடுத்துவிட்டே புறப்படுங்கள். பணம் வந்ததும் கிடைக்கும் அறிவிப்புத் தாளின் அசலை அவருக்கு அனுப்பினால்தான் அவர் விண்ணப்பிக்க முடியும். பழைய பேப்பரோடு எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.